பால் பைத்தான் குட்டிக்குச் சூடும் ஈரமும்: டொரண்டோ குளிரில் ஒரு புற்று கட்டுவது

டொரண்டோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பதின்மூன்று வயது மகனுக்காக டிசம்பரில் ஒரு பால் பைத்தான் (ball python என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) குட்டி வாங்கினார்களாம். எடை 70 கிராம். 20 காலன் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, அதன்மேல் ஒரு விளக்கு, அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), தரையில் ஆஸ்பன் மரச்சீவல். ஈரப்பதமானி 20 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. ஸ்பிரே அடித்தால் 70-க்கு ஏறுகிறது, ஒரு மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. சூட்டைக் கூட்டினால் ஈரம் இறங்குகிறது. நனைத்தால் சூடு இறங்குகிறது. குட்டி மூன்று வாரமாக எலி எடுக்கவில்லை. சட்டையையும் துண்டு துண்டாக உரித்திருக்கிறது. "சூட்டை முதலில் சரிசெய்வதா, ஈரத்தையா?" என்று கேட்கிறார்.

இரண்டும் ஒரே பிரச்சினை என்பதுதான் என் பதில். அதைக் கொஞ்சம் கணக்கோடு சொன்னால், ஸ்பிரே போத்தலைத் தூர வைத்துவிட்டு எதைச் செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஈரப்பதமானி காட்டும் சதவீதம், காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதில்லை. அந்தச் சூட்டில் காற்று ஏந்தக்கூடிய தண்ணீரில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்று சொல்கிறது. 21 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 18 கிராம் நீராவியை ஏந்தும். 32 பாகையில் 34 கிராம் வரை ஏந்தும். ஜனவரியில் நம் வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடும்போது ஈரப்பதம் 30 சதவீதம் இருந்தாலே பெரிய விஷயம். அதாவது கனமீட்டருக்கு ஐந்தரை கிராம். அதே காற்று உங்கள் தொட்டிக்குள் போய் 32 பாகைக்குச் சூடேறியதும் 16 சதவீதம் ஆகிவிடுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீரும் எங்கும் போகவில்லை, சூடுதான் ஏறியது. நீங்கள் பார்க்கும் 20 அப்படி வந்ததுதான். உங்கள் ஈரப்பதமானி பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 20 காலன் நீளத் தொட்டி சுமார் 70 லிட்டர் கொள்ளும். அதை முழுவதும் 32 பாகையில் 60 சதவீதத்துக்குக் கொண்டுவர, காற்றில் இருக்க வேண்டிய தண்ணீர் ஒன்றரை கிராம்கூட இல்லை. ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு! நீங்கள் ஒரு தடவை அடிக்கும் ஸ்பிரேயில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. ஆகவே தண்ணீர் போதாமல் இல்லை, தங்காமல் போகிறது. விளக்கின் கீழே சூடான காற்று கம்பிவலை வழியாக மேலே போகிறது. அந்த இடத்துக்கு அறையின் வறண்ட காற்று உள்ளே இறங்குகிறது. புகைபோக்கி வேலை செய்வது போலத்தான். கூடவே ஈரமும் போகிறது, நீங்கள் மின்சாரம் கட்டி உண்டாக்கிய சூடும் போகிறது. மூடியை அடைத்தால் இரண்டும் சேர்ந்தே தங்கும்.

இந்தப் பாம்பின் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் பைத்தான் என்பதில் வரும் பால், பந்து என்னும் பொருளில் வருவது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் தொடங்கி நடு ஆப்பிரிக்காவைத் தாண்டி உகண்டா வரை வாழ்கிறது. வளர்ப்புக்காக ஏற்றுமதியானவை பெரும்பாலும் கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை. அது மழைக்காட்டுப் பாம்பு இல்லை, புல்வெளிப் பாம்பு. அந்தப் புல்வெளிகளில் மாதக்கணக்கில் மழை இல்லாத கோடையும் உண்டு. அந்தக் காலத்தில் அது எங்கே இருக்கும் என்றால் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் இருக்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் பழமொழியாகச் சொல்வது அங்கே நிஜம். வெளியே மண் வெடித்துக் கிடந்தாலும் புற்றுக்குள்ளே சூடு அவ்வளவாக மாறாது, காற்றில் ஈரம் நிற்கும், இருட்டு, உடம்பைச் சுற்றிச் சுவர்.

நம் வேலை அந்தப் புற்றை ஸ்காபரோவில் கட்டிக் கொடுப்பது. தொட்டி முழுவதும் மழைபெய்த மாதிரி நனைந்திருக்க வேண்டியதில்லை. மேற்பரப்பு உலர்ந்து, அடிமண் ஈரமாக, காற்று தேங்காமலும் பறக்காமலும் இருக்க வேண்டும்.

முதலில் மூடி. கம்பிவலையில் விளக்கு உட்காரும் வட்டத்தை விட்டுவிட்டு, மீதியில் எண்பது தொண்ணூறு சதவீதத்தை அடைத்துவிடுங்கள். விளக்குக்குப் பக்கத்தில் சமையலறை அலுமினியத் தாளை இரண்டு மூன்றாக மடித்துப் போடலாம். தள்ளியிருக்கும் பகுதிக்கு அளவாக வெட்டிய அக்ரிலிக் தகடு நல்லது. பிளாஸ்டிக் எதையும் விளக்கின் அருகே கொண்டுபோகாதீர்கள். ஓரத்தில் ஒரு கையகல இடம் திறந்திருக்கட்டும், அது சுவாசத்துக்கு. ஈரத்துணியை மூடிமேல் விரிக்கச் சொல்பவர்கள் உண்டு. நானும் செய்து பார்த்தேன், நாலு மணி நேரத்தில் காய்ந்துவிடும், விளக்கோடு ஈரத்துணி ஆபத்தும்கூட. அடைப்பது ஒருநாள் வேலை, அத்தோடு முடிந்தது.

அப்புறம் கண்ணாடி. 21 பாகை அறையில் நிற்கும் கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். உள்ளே 26 பாகையில் 65 சதவீத ஈரம் இருந்தால், 19 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் அது தண்ணீராய்ப் படியும். ஜன்னல் ஓரம் வைத்த தொட்டி ஜனவரியில் இப்படித்தான் அழும். பின்புறமும் இரண்டு பக்கமும் வெளியிலிருந்து ஸ்டைரோஃபோம் பலகை ஒட்டுங்கள். முன்பக்கம் மகன் பார்க்கத் திறந்திருக்கட்டும். தொட்டியை ஜன்னலிலிருந்தும், ஃபர்னஸ் காற்று வரும் தரைத்துளையிலிருந்தும் தள்ளி வையுங்கள். இந்தப் பலகையால் மட்டுமே குளிர்ப்பக்கத்தில் ஓரிரு பாகை கூடும்.

இனிச் சூடு. இங்கேதான் பாம்புகளுக்கு அதிகக் காயம் நடக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைச் சொன்ன அளவில் நிறுத்தும் கருவி, இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இதை வாசிக்கும் இந்த நிமிடமே பிளக்கைக் கழற்றுங்கள். கட்டுப்பாடு இல்லாத மேட் கண்ணாடியை 45, 50 பாகைக்குக்கூடக் கொண்டுபோகும். பாம்புக்குச் சுட்டால் விலகிப் போகாதா என்று கேட்பீர்கள். போவதில்லை. மேல் உதட்டோரக் குழிகளால் வெதுவெதுப்பான எலியை இருட்டிலேயே கண்டுபிடிக்கும் உயிர்தான், ஆனால் வயிற்றுக்கு அடியில் மெதுவாக ஏறும் சூட்டில் இருந்து எழுந்து போகத் தெரியாமல் அங்கேயே படுத்திருக்கும். என் முதல் பாம்புக்கு அப்படித்தான் நடந்தது. எல்லாம் சேர்ந்த பெட்டி என்று ஒரு கடையில் விற்றார்கள். மேட் இருந்தது, தெர்மோஸ்டாட் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வயிற்றுச் செதில் ஒன்பது, பத்து பழுப்பாகிக் கொப்புளித்துப் போயின. ஆற ஐந்து மாதமும் நாலு சட்டையும் ஆனது. வடு கடைசிவரை இருந்தது. சூடாகும் செயற்கைக் கல் என்று விற்பதும் இதே ஆபத்துத்தான். பரிசாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மேட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நான் கீழே சொல்லப்போகும் முறைக்கு எட்டு சென்டிமீட்டர் ஆழ மண் வேண்டும். அந்த ஆழம் மேட்டின் சூட்டைக் கம்பளம்போல மூடிவிடும். மேலே பாம்புக்குச் சூடு எட்டாது, கீழே கண்ணாடிக்கும் மேட்டுக்கும் நடுவில் சூடு தேங்கிக் கண்ணாடி வெடிக்கவும் கூடும். குட்டி மண்ணைத் துளைத்து அடிக்குப் போனால் நேரே சூடான கண்ணாடியில் படுக்கும். ஆகவே ஆழமான மண் என்றால் சூடு மேலிருந்து வர வேண்டும். மேட் என்றால் தரை மெல்லியதாக, காகிதத் துவாலையோ ஒரு சென்டிமீட்டர் மண்ணோ மட்டும். இரண்டையும் கலக்காதீர்கள்.

உங்களிடம் ஏற்கனவே கண்ணாடித் தொட்டி இருப்பதால் மேலிருந்து சூடு கொடுக்கும் வழியையே சொல்கிறேன். வெளிச்சம் தராத இரண்டு வகை கடையில் கிடைக்கும்: செராமிக் ஹீட் எமிட்டர், டீப் ஹீட் புரொஜெக்டர். செராமிக் காற்றைச் சூடாக்கும், காற்றைக் கொஞ்சம் உலர்த்தவும் செய்யும். புரொஜெக்டரின் சூடு உடம்புக்குள் ஆழமாக இறங்கும். எனக்கு அதுதான் பிடித்தது. இந்த அளவுத் தொட்டிக்கு 50 வாட்டில் தொடங்குங்கள். இரண்டுக்கும் பீங்கான் ஹோல்டர் கட்டாயம், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். செராமிக்குக்குப் பல்ஸ் வகைத் தெர்மோஸ்டாட் (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுப்பது), புரொஜெக்டருக்கு டிம்மிங் வகை (கூட்டிக் குறைத்துக் கொடுப்பது). ஹீட் மேட்டுக்கு மட்டுமானால் சாதாரண ஆன்-ஆஃப் போதும். சிவப்பு விளக்கை இரவில் எரிய விடுவது வேண்டாம். இரவு அதற்கு இரவாகவே இருக்கட்டும்.

தெர்மோஸ்டாட்டின் சூட்டை உணரும் முனை எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாமே. வெப்பப் பக்கத்தில், குட்டி படுக்கும் உயரத்தில், அது உருட்டித் தள்ள முடியாதபடி கேபிள் கிளிப்பால் பிடித்து வைக்க வேண்டும். முனை நழுவிக் குளிர்ப்பக்கம் விழுந்தால் ஹீட்டர் நிற்காமல் எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் செலோடேப்பைத் தொட்டிக்கு உள்ளே எங்கும் பாவிக்காதீர்கள். 70 கிராம் குட்டி அதில் ஒட்டிக்கொண்டால் பிய்க்கும்போது தோலோடு வரும். தொட்டிக்கு வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் ஒட்டலாம்.

என்ன எண்கள் வர வேண்டும்? வெப்பப் பக்கத்துப் பொந்துக்குள்ளே (குட்டி ஒளிந்துகொள்ள நாம் வைக்கும் சிறு மறைவிடம்) தரை 31 முதல் 33 பாகை. குளிர்ப்பக்கம் 25 முதல் 27. இரவில் எந்த மூலையும் 23-க்குக் கீழே போகக் கூடாது. 35-க்கு மேல் எந்தப் பரப்பும் வேண்டாம். கடையில் வாங்கும் கருவி ஃபாரன்ஹீட்டில் இருந்தால் 32 என்பது 90, 26 என்பது 79. ஈரம் 60 முதல் 75 வரை. பழைய வழிகாட்டிகள் 50 போதும் என்று சொல்லும். வளர்ந்த பாம்பு அதில் சமாளிக்கும். குட்டியின் உடம்பு சிறியது, எடைக்குத் தோல்பரப்பு அதிகம், சீக்கிரம் வறண்டுபோகும். அதனால் குட்டிக்கு 60-க்குக் கீழே நான் விடுவதில்லை.

சூட்டில் ஒரு பக்கமும் குளிரில் ஒரு பக்கமும் ஏன் என்று மகன் கேட்பான். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. எலி விழுங்கியபின் சூட்டுப் பக்கம் போய்ச் செரிக்கும், போதுமென்றால் குளிர்ப்பக்கம் வரும். ஒரே சூட்டில் அடைத்தால் அந்தத் தேர்வு போய்விடுகிறது. போதாத சூட்டில் விழுங்கிய எலி வயிற்றில் அழுகும், இரண்டு மூன்று நாளில் வெளியே கக்கிவிடும். குட்டிகள் பசி எடுத்தும் உண்ணாமல் இருப்பதற்கு நான் பார்த்த முதல் காரணம் சூடு சரியில்லாததுதான். இரண்டாவது பொந்து சரியில்லாதது.

அளக்கும் கருவிகளைப் பற்றி: முள் உள்ள வட்டமான வெப்பமானியும் ஈரப்பதமானியும் தொட்டிச் சுவரில் ஒட்டிக் கொடுத்திருந்தால் கழற்றி எறியுங்கள். கம்பிமுனை உள்ள டிஜிட்டல் இரண்டு வேண்டும், பக்கத்துக்கு ஒன்று, பாம்பு படுக்கும் மட்டத்தில். சுவரின் உச்சியில் ஒட்டியது உச்சிக் காற்றைத்தான் சொல்லும். பரப்பின் சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் கருவி ஒன்று. ஈரப்பதமானி உண்மை பேசுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு போத்தல் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, கரைந்து போகாமல் சேறுபோல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரப்பதமானியையும் காற்று புகாத ஜிப் பையில் போட்டு மூடி, அறைச் சூட்டில் ஓர் இரவு விடுங்கள். நனைந்த உப்புக்கு மேலே உள்ள காற்று எப்போதும் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். உங்கள் கருவி 69 காட்டினால் இனி எப்போதும் 6 கூட்டிப் படியுங்கள். மகனைச் செய்யச் சொல்லுங்கள், பள்ளிக்கூட அறிவியலைவிட இது மனதில் நிற்கும்.

இப்போது மண். ஆஸ்பன் சீவலை எடுத்துவிடுங்கள்; அது நல்ல பொருள்தான், வறண்ட நாட்டுப் பாம்புகளுக்கு. ஈரம் பட்டால் மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும். சீடர் சீவல் எந்தப் பாம்புக்குமே கூடாது, அதன் வாசனை எண்ணெய் நஞ்சு. நமக்கு வேண்டியது தென்னந்தும்பு. செல்லப்பிராணிக் கடையில் கட்டியாக அழுத்தி விற்கும் தும்புத்தூள் பல சமயம் இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்ததாக இருக்கும். பொதியைத் திருப்பிப் பாருங்கள். 650 கிராம் கட்டி ஒன்று ஊறினால் எட்டு லிட்டருக்கு மேல் வரும், உங்கள் தொட்டிக்கு இரண்டு போதும். தூள் மட்டும் போட்டால் காய்ந்ததும் புழுதி பறக்கும், ஆகவே மூன்றில் ஒரு பங்கு தேங்காய் மட்டைத் துண்டுகளும் கலந்துகொள்ளுங்கள். சைப்ரஸ் சீவல் கிடைத்தாலும் நல்லது.

ஊறியதைக் கையால் இறுகப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. வடிந்தால் ஒரு நாள் பரப்பி உலரவிட்டுப் போடுங்கள். எட்டு சென்டிமீட்டர் ஆழம் போட்டு லேசாக அமுக்குங்கள். அதன்மேல் உலர்ந்த மட்டைத் துண்டு ஒரு மெல்லிய அடுக்கு. இதற்குப் பிறகு தண்ணீர் விடுவது மூலைகளில் மட்டும்: ஒரு தேநீர்க் கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரை நான்கு மூலைக்கும் பிரித்து, சுவரோரமாக மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் அடிக்குப் போய்விடும், மேற்பரப்பு உலர்ந்தே இருக்கும். மேலே விழும் சூட்டில் அடி ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவரும். மூடியை ஒழுங்காக அடைத்திருந்தால் ஐந்து நாள், ஏழு நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும் என்பதை நீங்களே காண்பீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சூட்டுப் பக்கத்துக்கு அருகே நகர்த்தினால் அதுவும் கொஞ்சம் கொடுக்கும்.

மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பிரே அடித்து அடித்து எப்போதும் நனைந்த தரையில் படுக்கும் பாம்புக்கு வயிற்றுச் செதிலில் அழுகல் வரும். முதலில் செதில் ஓரம் சிவக்கும் அல்லது பழுப்பாகும், பிறகு நீர்க்கொப்புளம். ஈரக்காற்றால் வருவதில்லை அது. ஈரத்தரையாலும் அழுக்காலும் வருவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல், ஒரு தடவை அழுகல் வந்ததும் பயந்துபோய்த் தொட்டியை வறள விடுபவர்கள் பலர். அப்புறம் சட்டை சிக்கிக்கொள்ளும். புகைபோல நீர்த்தூள் விடும் ஃபாகர் எந்திரமும் வேண்டாம். எல்லாவற்றையும் நனைக்கும், உள்ளே தேங்கிய தண்ணீரில் கிருமி வளர்ந்தால் அதையும் சேர்த்து நுரையீரலுக்கே அனுப்பும்.

பொந்து இரண்டு வேண்டும், ஒரே மாதிரி, வெப்பப் பக்கம் ஒன்று, குளிர்ப்பக்கம் ஒன்று. ஒன்றுதான் இருந்தால் குட்டி சூட்டையா பாதுகாப்பையா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வரும். அது பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும், குளிரில் கிடக்க நேர்ந்தாலும். சுருண்டால் முதுகும் பக்கமும் சுவரில் தொட வேண்டும், அவ்வளவு சிறியது போதும். கவிழ்த்த சின்னப் பூச்சட்டியில் வாசல் வைத்தாலும் சரி. பெரிய மரப்பட்டைக் குகை பார்க்க அழகு, குட்டிக்கு அது ஒரு மண்டபம். மூன்றாவதாக ஓர் ஈரப்பொந்து: மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு விரல் அகல ஓட்டை போட்டு, ஓரத்தை உரசி வழவழப்பாக்கி, பிழிந்த ஸ்பேக்னம் பாசியைப் பாதியளவு நிரப்பி நடுவில் வையுங்கள். வேறு எல்லாமே தவறிப்போனாலும் இந்த ஒரு பெட்டி சட்டையைக் காப்பாற்றும். பாசியை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். எல்லா இடைவெளியிலும் செயற்கை இலைகள், காகிதச் சுருள்கள் போட்டு நிரப்புங்கள். வெட்டவெளியைக் கடந்து போக அதற்குப் பயம்.

உண்மையைச் சொன்னால், நானாக இருந்தால் இந்தக் குட்டியை முதல் ஆறு மாதம் 15 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில்தான் வளர்ப்பேன். பக்கவாட்டில் சூட்டுக்கோலால் போட்ட பதினைந்து இருபது துளைகள், அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேட், மேட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே தெர்மோஸ்டாட் முனை, காகிதத் துவாலை, இரண்டு பொந்து, ஓர் ஈரப்பெட்டி. பிளாஸ்டிக்கில் ஈரம் தானாகவே தங்கும். கழிவு கண்ணுக்குத் தெரியும். குட்டிக்கும் அடக்கமாக இருக்கும். தும்பு வாங்கி, தொட்டியை அடைத்து, எண்கள் இரண்டு நாள் நிலையாக நிற்கும்வரை உங்கள் குட்டியை இப்படி ஒரு பெட்டியில் விடலாம். உங்கள் பழைய மேட் இதற்குப் பயன்படும், தெர்மோஸ்டாட் இருந்தால் மட்டும்.

இப்போது சிக்கியிருக்கும் சட்டைக்கு வருகிறேன். பாம்பு சட்டை உரிக்குமுன் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே மெல்லிய திரவம் ஊறும். அப்போதுதான் கண் நீலம் பாய்ந்து மங்குகிறது. கண் மறுபடி தெளிந்து மூன்று நாலு நாளில் மூக்கிலிருந்து வால்வரை ஒரே காலுறைபோலக் கழன்றுவர வேண்டும். உடம்பு வறண்டிருந்தால் அந்தத் திரவம் போதாது, துண்டு துண்டாக வரும். செய்ய வேண்டியது: துளையுள்ள ஒரு பெட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துவாலையைக் கசக்கிப் போட்டு, குட்டியை விட்டு, 28 பாகை போல உள்ள இடத்தில் அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீரில் மிதக்க விடாதீர்கள். துவாலை மடிப்புகளில் நுழைந்து நுழைந்து தானே தேய்த்துக்கொள்ளும். மறுநாளும் செய்யலாம். வால்நுனியை மட்டும் கவனமாகப் பாருங்கள். அங்கே பழைய தோல் வளையமாக இறுகினால் இரத்த ஓட்டம் நின்று நுனி கருகி விழும். கண்ணின் மேல் பழைய கண்ணாடித்தோல் நின்றிருந்தால் தொடவே தொடாதீர்கள், நகத்தாலும் டேப்பாலும் கிள்ளப்போய்க் கண்ணையே இழந்த பாம்புகள் உண்டு. ஈரம் சரியானால் அடுத்த சட்டையோடு அது போய்விடும். குட்டி நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும், காத்திருக்கலாம். இரண்டு சட்டைக்குப் பிறகும் நின்றால் ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் போங்கள்.

காத்திருக்கக் கூடாதவை வேறு: மூக்கிலோ வாயோரத்திலோ நுரைக்குமிழ், வாயைத் திறந்து மூச்சு, விசில் போன்ற சத்தம், தலையை மேலே தூக்கிப் பிடித்தபடியே இருத்தல். இவை நுரையீரல் தொற்றின் அடையாளம். குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் இது அதிகம் வருகிறது. ஈரத்துக்குப் பயப்படாதீர்கள், குளிர்ந்த ஈரத்துக்குப் பயப்படுங்கள். பைத்தான்களில் நிடோவைரஸ் என்ற வைரஸும் இதே அறிகுறிகளைத் தரும். 2014-இல் பால் பைத்தான்களில் முதலில் விவரிக்கப்பட்டது. வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, வைத்தியர்தான் பரிசோதிக்க வேண்டும். வேறு பாம்பு வீட்டுக்கு வந்தால் மூன்று மாதம் தனி அறை.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் இப்போதே யோசித்து வையுங்கள். 2013 டிசம்பர் பனிமழையில் டொரண்டோவில் ஏறக்குறைய மூன்று லட்சம் மின் இணைப்புகள் அணைந்தன, சில தெருக்களுக்கு நத்தார் (கிறிஸ்துமஸ்) முடிந்தும் வரவில்லை. குட்டியை ஒரு தலையணை உறையில் விட்டு முடிந்து, ஸ்டைரோஃபோம் ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பிய போத்தலைத் துவாலையால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள், உறையில் நேரே படாதபடி. இரண்டு மணிக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விட்டு, சூட்டைப் பாருங்கள். 25 பாகை கிடைத்தால் போதும். மின்சாரம் இல்லாத நாளில் உணவு கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி நிலவறையில் எப்போதும் தயாராக இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியப் பாம்பு எதையும் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கவே அனுமதி இல்லை. நான் எழுதியது சட்டப்படி வளர்க்கக்கூடிய ஊரில், வளர்ப்புப் பாம்பு முட்டையிட்டுப் பொரித்த குட்டிகளுக்கு.

இனி உணவு. எல்லாம் மாற்றி, எண்கள் நின்றபின் ஒரு வாரம் குட்டியைத் தொடாதீர்கள்; தண்ணீர் மாற்ற மட்டும் கை உள்ளே போகட்டும். மகனுக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். இந்த இனம் 20, 30 வருடம் வாழும் என்று சொல்லுங்கள். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒன்று 2020-இல் முட்டையிட்டது. ஒரு வாரம் பெரிதல்ல. எட்டாம் நாள் இரவு, அறை விளக்கை அணைத்து, ஏழு முதல் பத்து கிராம் உள்ள உறைந்த எலிக்குஞ்சைக் குளிர்சாதனப் பெட்டியில் இளக்கி, கொடுக்கும் நேரத்தில் வெந்நீரில் 38 பாகைக்கு வெதுவெதுப்பாக்கி, துடைத்து, நீளமான இடுக்கியால் பொந்து வாசலில் நீட்டுங்கள். தலைப்பக்கம் சூடாக இருக்கட்டும், அதன் உதட்டுக் குழிகள் தேடுவது அதைத்தான். பத்து நிமிடம் பார்த்து எடுக்காவிட்டால் வாசலிலேயே ஒரு சின்னத் தட்டில் வைத்துவிட்டுப் போய்த் தூங்குங்கள். காலையில் இருந்தால் எறிந்துவிட்டு ஐந்து நாள் கழித்து மறுபடி. எடுத்தால் 48 மணி நேரம் தொட வேண்டாம்.

கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். தொடாத அந்த ஒரு வாரம் முடிந்ததும் ஞாயிறு தோறும் ஒரே நேரத்தில் குட்டியை நிறுத்து எழுதி வையுங்கள். 68, 67 என்று மெதுவாக இறங்கினால் பரவாயில்லை, பொறுக்கலாம். 63-ஐத் தொட்டால், அது பத்தில் ஒரு பங்கு, அன்றே வைத்தியருக்கு அழையுங்கள். போகும்போது தொட்டியின் இரண்டு பக்கச் சூட்டையும் ஈரத்தையும் ஒரு வார அளவுக்கு எழுதிக் கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.